எழுபதுகளின் கவனிக்கப்படாத ராக் குழுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கவனிக்கப்படாத குழு' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட், டீப் பர்ப்பிள் என்றால் தலையாட்டுகிறவர்களே பிக் ஸ்டார் என்றதும் "யாரு?" என்று கேட்பார்கள். அந்த "யாரு?"தான் என் அளவுகோல். தின் லிஸ்ஸியையும் ரஷ்ஷையும்கூடச் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதுண்டு. அரங்கம் நிறையக் கூட்டம் சேர்த்த குழுக்களுக்கு இந்த அனுதாபம் வேண்டாம் என்பது என் கட்சி.

இங்கே வருபவர்கள்: வேல்ஸ் நாட்டின் பேட்ஃபிங்கர், பட்ஜி, அமெரிக்காவின் பிக் ஸ்டார், டெத், இங்கிலாந்தின் விஷ்போன் ஆஷ், ஜாம்பியாவின் விட்ச். பேட்ஃபிங்கருக்கு ஹிட் பாட்டுகள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. பாட்டு தெரியும், பாடியவர் தெரியாது என்ற நிலைமையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

பாட்டு நன்றாக இருந்திருந்தால் அது தானாகவே ஓடியிருக்காதா?

தானாக எதுவும் ஓடவில்லை. அன்றைக்கு இசைத்தட்டு தொழிற்சாலையில் அச்சாகி, விநியோகஸ்தர் கைக்குப் போய், கடை அலமாரியில் உட்கார்ந்தால்தான் விற்கும். வானொலியில் கேட்டுவிட்டு ஆசையோடு கடைக்குப் போகிறவருக்கு "ஸ்டாக் இல்லை" என்று பதில் வந்தால் அதோடு கதை முடிந்தது.

பிக் ஸ்டாருக்கு நடந்தது அப்படியே இதுதான். டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஜோடி ஸ்டீஃபன்ஸ், ஆண்டி ஹம்மல் என்ற நால்வர். சில்டன் ஏற்கெனவே நட்சத்திரம்தான். 'பாக்ஸ் டாப்ஸ்' குழுவில் 16 வயதில் அவர் பாடிய 'த லெட்டர்' 1967-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. குழுவின் பெயரோ ஆர்டெண்ட் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மளிகை சூப்பர்மார்க்கெட்டின் பெயர். முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்று துணிச்சலாகப் பெயர் வைத்து 1972-இல் வெளியிட்டார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால் அதைக் கடைகளுக்குக் கொண்டுபோக வேண்டிய ஸ்டாக்ஸ் நிறுவனம் சோல் இசையில் கொடிகட்டிப் பறந்தது. ராக் வாங்கும் பையன்கள் எந்தக் கடைக்குப் போவார்கள் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் ஸ்டாக்ஸின் விநியோகத்தைக் கொலம்பியா எடுத்துக்கொண்டது. பழைய விநியோகஸ்தர்களோடு வேலை செய்ய அவர்கள் விரும்பவில்லை. கடைகளில் இருந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் திரும்ப எடுக்கப்பட்டன. விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு என்பார்கள்.

பெல் மனமுடைந்து விலகினார். மிச்ச மூவர் 1974-இல் 'ரேடியோ சிட்டி'யை வெளியிட்டார்கள். கொலம்பியாவுக்கும் ஸ்டாக்ஸுக்கும் தகராறு முற்றிய நேரம் அது; இரண்டாவது ஆல்பத்துக்கும் அதே கதி. மூன்றாவதை 1974-இலேயே ஒலிப்பதிவு செய்தும் வாங்க ஆளில்லாமல் 1978 வரை கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெல் கார் விபத்தில் இறந்தார். வயது 27.

யாருமே வாங்காத பிக் ஸ்டார் இன்றைக்கு எப்படித் தெரிகிறது?

கைமாறித்தான். 1973 மே மாதம் மெம்ஃபிஸில் ராக் எழுத்தாளர்களைக் கூட்டி ஒரு மாநாடு நடந்தது. அதில் வாசிப்பதற்காகப் பெல் இல்லாமல் மற்ற மூவரும் சேர்ந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் நிறைந்த அறையில் ஒரு கச்சேரி. விற்பனை அதனால் ஏறவில்லை. ஆனால் ஊர் திரும்பியவர்கள் எழுதினார்கள், நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எண்பதுகளில் ஆர்.இ.எம். குழுவினர் பேட்டிகளில் பிக் ஸ்டார் பெயரைச் சொன்னார்கள். பேங்கிள்ஸ் குழு 'செப்டம்பர் கேர்ல்ஸ்' பாட்டை 1986-இல் பாடியது. ரீப்ளேஸ்மெண்ட்ஸ் குழு 1987-இல் 'அலெக்ஸ் சில்டன்' என்ற பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் பாத்திரம் கழுவிப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர் என்பதை நினைத்தால் கொஞ்சம் தலை சுற்றும்.

'வித்தவுட் யூ' மரையா கேரியின் பாட்டுதானே?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. 1994-இல் மரையா கேரி பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். அவருக்கு முன்னால் 1972-இல் ஹாரி நில்சன் பாடி அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் முதலிடம் பிடித்தார். இருவருக்கும் முன்னால் 1970-இல் பேட்ஃபிங்கர் அதை 'நோ டைஸ்' ஆல்பத்தில் போட்டிருந்தது. தனிப் பாட்டாக வெளியிடக்கூட இல்லை. பீட் ஹாம் எழுதி வைத்திருந்த ஒரு பாட்டில் பல்லவி சரியாக அமையவில்லை. டாம் எவன்ஸிடம் ஒரு பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரண்டையும் ஒட்டினார்கள். அவ்வளவுதான், நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பப் பாடிய பாட்டு பிறந்துவிட்டது.

மூலப் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். நில்சனும் கேரியும் உச்சத்தில் கொட்டித் தீர்க்கிற இடத்தில் பேட்ஃபிங்கர் கொஞ்சம் அடக்கியே வாசிக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். பிரிந்து போகிறவரின் முன்னால் ஒரு சாதாரண மனிதன் அவ்வளவு உச்சத்தில் கத்த மாட்டான்.

பேட்ஃபிங்கருக்கு என்னதான் நடந்தது?

நீளமான கதை. ஸ்வான்சீ நகரத்து 'ஐவிஸ்' குழுவை 1968-இல் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு பெயரைப் பேட்ஃபிங்கர் என்று மாற்றிக்கொண்டார்கள். பால் மெக்கார்ட்னி எழுதிக் கொடுத்த 'கம் அண்ட் கெட் இட்' முதல் ஹிட். அப்புறம் சொந்தமாக 'நோ மேட்டர் வாட்', 'டே ஆஃப்டர் டே', 'பேபி ப்ளூ' என்று வரிசையாக வந்தன. 'டே ஆஃப்டர் டே'யைத் தயாரித்து ஸ்லைடு கிடார் வாசித்தவர் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன்.

நம் ஊர் இசையோடு அவர்கள் ஒரே மேடையில் நின்றதும் உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக ஹாரிசன் வங்கதேச அகதிகளுக்கான நிதிக் கச்சேரியை நடத்தினார். சிதாரும் சரோதும் முதலில் ஒலித்த அந்த மேடையில், பின்னால் அக்கூஸ்டிக் கிடாரோடு இருந்தவர்கள் பேட்ஃபிங்கர். 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டுக்கு ஹாரிசனுக்குத் துணையாக முன்னால் வந்து கிடார் வாசித்தவர் பீட் ஹாம். அந்தப் படத்தைப் பார்த்த எத்தனையோ பேருக்கு, பக்கத்தில் நிற்கும் அந்த ஒல்லியான ஆள் யார் என்றே தெரியாது.

பீட்டில்ஸ் சாயல் என்ற முத்திரை அவர்களை மேலே தூக்கியது; அதுவே அழுத்தியும் வைத்தது. ஆனால் வீழ்த்தியது ஒப்பந்தம். அமெரிக்க மேனேஜர் ஸ்டான் போலி ஏற்படுத்திய ஏற்பாட்டில் வருமானம் ஒரு நிறுவனத்துக்குப் போகும், குழுவினருக்குச் சம்பளம் மட்டும் வரும். ஆப்பிள் சரிந்தபோது வார்னர் நிறுவனத்துக்கு மாறினார்கள். ஒரு கணக்கில் பாதுகாப்பாக இருக்க வேண்டிய முன்பணத்தைக் காணோம் என்று வார்னர் வழக்குப் போட்டது. 1974-இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம், நல்ல விமர்சனங்கள் வந்துகொண்டிருந்தபோதே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிங்க் ஃபிளாய்ட் அதே பெயரில் ஆல்பம் போட்டது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

கையில் பணமில்லை, வீட்டுக் கடன் வேறு. 1975 ஏப்ரல் 24 அன்று பீட் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 28-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. அவருடைய மகள் அடுத்த மாதம் பிறந்தாள். 'வித்தவுட் யூ' ராயல்டிச் சண்டை தொடர்ந்துகொண்டிருந்த 1983-இல் டாம் எவன்ஸும் அதே முடிவை எடுத்தார்.

ராக் வரலாற்றில் சோகக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. போதைக்கும் வேகத்துக்கும் பலியானவர்கள் கதையில் ஒரு கவர்ச்சி பூசப்பட்டிருக்கும். ஹாமின் கதையில் அந்தப் பூச்சு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சரியாகப் படிக்காத ஒரு நல்ல மனிதரின் கதை அது.

'பேபி ப்ளூ' திடீரென்று எப்படிப் பிரபலமானது?

2013 செப்டம்பர் 29 அன்று 'பிரேக்கிங் பேட்' தொடரின் கடைசிக் காட்சியில் ஒலித்தது. அன்றிரவே லட்சக்கணக்கானவர்கள் தேடினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஸ்வான்சீயில் பீட் ஹாமின் நினைவாக நீலப் பலகை ஒன்று வைத்திருந்தார்கள்.

டெத் குழுவை ஏன் பங்க் இசையின் முன்னோடி என்கிறார்கள்?

தேதியைப் பார்த்தாலே புரியும். வேகமும் கோபமுமான பங்க் இசையைத் தொடங்கியவர்கள் என்று சொல்லப்படும் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி என்ற கறுப்பினச் சகோதரர்கள் மூவரும் 1975-இலேயே அதே வேகத்தில், அதே கடுப்பில் ஏழு பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மோடவுன் நிறுவனத்தின் சோல் பாட்டும் ஃபங்க்கும் கேட்டுக்கொண்டிருக்க, "வெள்ளைக்காரப் பையன்களின் இசையை இவர்கள் ஏன் வாசிக்கிறார்கள்?" என்ற கேள்வி ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் பெயர். தந்தை விபத்தில் இறந்த பிறகு, மரணத்தையும் வாழ்வின் ஒரு பகுதியாக, நல்லதாகவே பார்க்க வேண்டும் என்று டேவிட் வைத்த பெயர் அது. இசைத்தட்டு நிறுவனப் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸ் பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்றார். டேவிட் மறுத்துவிட்டார். 1976-இல் சொந்தக் காசில் 500 பிரதிகள் மட்டும் ஒரு சிறிய தட்டாக அச்சிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெர்மாண்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பாபியும் டானிஸும் அங்கே ரெக்கே குழு நடத்தினார்கள். ஒருநாள் உலகம் இந்த டேப்புகளைத் தேடி வரும் என்று சொல்லி, அவற்றைத் தம்பி பாபியிடம் ஒப்படைத்துவிட்டு 2000-இல் டேவிட் புற்றுநோயில் இறந்தார்.

அந்த 500-இல் சில பிரதிகள் சேகரிப்பாளர்கள் கையில் சிக்கி, இணையத்தில் ஏறின. பாபியின் மகனுக்கு ஒருநாள் அந்தப் பாட்டு காதில் விழுந்தது. பாடுவது தன் அப்பா என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தான். அப்பா இப்படி ஒரு குழுவில் இருந்தார் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. பரணிலிருந்து டேப்புகள் இறங்கி, 2009-இல் ஆல்பம் வெளியானது. முப்பத்துநாலு ஆண்டு தாமதம்.

பட்ஜி கேட்க வேண்டிய குழுவா?

கட்டாயம். கார்டிஃப் நகரத்து மூவர் குழு. செல்லப் பறவையின் பெயரை வைத்துக்கொண்டு பாறை உருள்வதுபோல் வாசித்தார்கள். மெட்டாலிகாவின் பழைய ரசிகர்களுக்கு 'பிரெட்ஃபேன்' பாட்டு தெரிந்திருக்கும். அது 1973-இல் பட்ஜி போட்டது. 'கிராஷ் கோர்ஸ் இன் பிரெயின் சர்ஜரி'யும் அவர்களுடையதே. பேஸ் வாசித்துக்கொண்டே பாடிய பர்க் ஷெல்லி 2022 ஜனவரியில் காலமானார்.

விஷ்போன் ஆஷின் இரட்டை கிடார் என்றால் என்ன?

பொதுவாக ஒருவர் லீட் வாசிப்பார், மற்றவர் ரிதம் பிடிப்பார். இங்கே ஆண்டி பவல், டெட் டர்னர் இருவருமே லீட். ஒரே மெட்டை ஒருவர் ஒரு சுரத்திலும் மற்றவர் அதற்கு இசைவான இன்னொரு சுரத்திலும் சேர்ந்து நகர்த்துவார்கள். திட்டமிட்டு வந்ததல்ல, கிடார் வாசிக்க ஆள் தேடியபோது இருவரில் ஒருவரை விட மனமில்லாமல் இருவரையும் வைத்துக்கொண்டார்கள். தின் லிஸ்ஸியிலும் அயர்ன் மெய்டனிலும் கேட்டு ரசிக்கும் அந்த இழைப்பு 1972-இன் 'ஆர்கஸ்' ஆல்பத்தில் முழுசாக இருக்கிறது. வரிகளில் வாளும் அரசனும் கொஞ்சம் அதிகம். கிடாருக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லாமே பிரிட்டனும் அமெரிக்காவும்தானா?

இல்லை. ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கப் பகுதியில் எழுபதுகளில் ஒரு பெரிய ராக் அலையே எழுந்தது, ஜாம்ராக் என்பார்கள். 1964-இல் விடுதலை பெற்ற நாடு. வானொலியில் பெரும்பாலும் உள்நாட்டு இசையே ஒலிக்க வேண்டும் என்றார் அதிபர் கென்னத் காவுண்டா. இளைஞர்கள் கரகரக்கும் ஃபஸ் கிடாரையும் ஊர்த் தாளத்தையும் கலந்தார்கள். அதில் முதன்மையான குழு விட்ச். பாடகர் இம்மானுவேல் சாண்டாவின் பட்டப்பெயர் 'ஜகாரி'. மிக் ஜாகரை நினைத்து ஒட்டிய பெயர். 1975-இன் 'லேஸி போன்ஸ்' கேட்டால் அந்தக் கிடாரின் கரகரப்பு ரெண்டு நாள் காதிலேயே நிற்கும்.

அந்த அலை அடங்கியதற்குக் காரணம் ரசனை மாறியது மட்டுமல்ல. தாமிர விலை விழுந்தது, மக்கள் கையில் காசில்லை. அண்டை நாட்டுப் போரால் இரவு ஊரடங்கு வந்ததும் கச்சேரிகளைப் பகலில் வைத்தார்கள். திருட்டு கேசட் மிச்சத்தையும் தின்றது. பிறகு எய்ட்ஸ் ஒரு தலைமுறை இசைக்கலைஞர்களையே கொண்டுபோனது. விட்ச் குழுவைத் தொடங்கியவர்களில் ஜகாரி மட்டும் மிஞ்சினார். ரத்தினக்கல் தோண்டிப் பிழைத்துக்கொண்டிருந்தவரை மறுபதிப்புகள் தேடி வந்தன. 2023-இல் 'ஸாங்கோ' என்று புது ஆல்பமே போட்டார்.

இந்தியாவிலும் சிறிய அளவில் ஒன்று நடந்தது. சிம்லா என்ற சிகரெட் பிராண்டின் பெயரில் அகில இந்தியக் குழுப் போட்டி நடத்தி, 1970-க்கும் 1971-க்கும் தலா ஒரு இசைத்தட்டு போட்டார்கள். சிகரெட் விளம்பரத்துக்காகப் பிறந்த தட்டுகளை இன்றைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

இந்தப் பாட்டுகள் மட்டும் ஏன் இவ்வளவு நினைவுகளைக் கிளப்புகின்றன?

பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் நடந்தவை மற்ற வயதுகளைவிட அதிகமாக நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அது எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும். என் கணக்கு வேறு. பெரிய ஹிட் பாட்டை நாம் கல்யாண மண்டபத்தில், விளம்பரத்தில், லிஃப்டில், பேருந்தில் என்று ஆயிரம் இடத்தில் கேட்டாகிவிட்டது. முதலில் கேட்ட அந்த இடம் தேய்ந்துவிடும். யாரும் போடாத பாட்டுக்கு அந்தத் தேய்மானம் இல்லை. அதோடு, கடையில் கிடைக்காததால் அதை நமக்கு யாரோ ஒருவர் கொடுத்திருப்பார். பாட்டோடு அந்த ஆளும் சேர்ந்தே பதிந்துவிடுகிறார்.

எனக்கு 'நோ மேட்டர் வாட்' என்றால் ஒரு பழைய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்த அண்ணன்தான். கேசட் அட்டையில் பச்சை மையில் பாட்டுப் பெயர்களை எழுதி, "திருப்பிக் கொடுத்துடணும்" என்று மிரட்டிக் கொடுப்பார். ஹாரிசன் பாட்டுகளையும் அவர்தான் கொடுத்தார். ஆனால் ஹாரிசனைக் கேட்கும்போது அவர் நினைவு வருவதில்லை.

நான் எழுபதுகளில் பிறக்கவே இல்லை. எனக்கும் ஏக்கம் வருகிறதே?

வரட்டும். அந்தப் பாட்டுகளை எழுதியவர்களே இருபது வயதில் உட்கார்ந்து பழசை நினைத்து உருகியவர்கள்தான். பிக் ஸ்டாரின் 'தர்ட்டீன்' பள்ளிக்கூடக் காதலைப் பற்றியது. அதைப் புரிந்துகொள்ள மெம்ஃபிஸில் வளர்ந்திருக்க வேண்டியதில்லை.

மறக்கப்பட்ட குழுக்கள் எல்லாமே மேதைகளா?

ஐயோ, இல்லை. பாதிக்குமேல் நியாயமாகவே மறக்கப்பட்டவை. இருபது நிமிட டிரம் தனி ஆவர்த்தனத்தை யூடியூபில் ஏற்றி, 'காணாமல் போன காவியம்' என்று தலைப்புப் போடுகிறவர்களிடம் ஜாக்கிரதை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மெல்லிசை பிடித்தவர்கள் 'நோ டைஸ்'. கிடார்ப் பிரியர்கள் 'ஆர்கஸ்'. சத்தம் வேண்டுமென்றால் டெத். மொத்தமே அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிக் ஸ்டாரை வெளியான வரிசையிலேயே கேளுங்கள். மூன்றாவது ஆல்பத்தை முதலில் எடுத்தால் பயந்துவிடுவீர்கள். ஒரு குழு உடைந்து நொறுங்குவதை நேரடியாக ஒலிப்பதிவு செய்ததுபோல் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு பாட்டு வரிசை மாறியிருப்பதால், நண்பரிடம் இருக்கும் தட்டும் உங்கள் போனில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் குழம்ப வேண்டாம்.

இவர்களில் யாரையாவது இனிமேல் மேடையில் பார்க்க முடியுமா?

பேட்ஃபிங்கரின் புகழ்பெற்ற நால்வரில் கடைசியாக இருந்த ஜோயி மோலண்ட் 2025 மார்ச்சில் இறந்துவிட்டார். சில்டன் 2010 மார்ச்சில், டெக்சஸில் பிக் ஸ்டார் வாசிக்க வேண்டியதற்குச் சில நாள் முன்னால் மாரடைப்பில் போனார். அந்தக் கச்சேரியை மற்றவர்கள் அஞ்சலியாக நடத்தினார்கள். நால்வரில் மிஞ்சிய ஜோடி ஸ்டீஃபன்ஸ் இளைய கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பாட்டுகளை அவ்வப்போது வாசிக்கிறார். ஆண்டி பவல் விஷ்போன் ஆஷ் பெயரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். ஜகாரியும் ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் டிக்கெட் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் சின்ன அரங்குகள்தான், முன்வரிசையிலேயே நிற்கலாம்.